ஜாகை மாற்றிய கதை

1991-ஆம் வருஷம் முடியும் தறுவாயில், பின்லாந்து தேசத்துத் தலைநகரான ஹெல்ஸிங்கியில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சர்வகலாசாலைக் கம்ப்யூட்டருடன் டெலிபோன் மூலம் இணைக்கப் பார்த்தார். அதற்கு மோடம் என்ற கருவிக்கு, 'இன்ன நம்பரைச் சுற்று' என்று உத்தரவு போக வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்களில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே மோடமும் ஒரு பைல், ஹார்ட் டிஸ்கும் ஒரு பைல். இரண்டுக்கும் பெயர்தான் வேறு. அன்று பெயர் மாறிப் போயிற்று. டெலிபோன் நம்பரைச் சுற்றச் சொல்லும் உத்தரவு மோடத்துக்குப் போகாமல் நேராக ஹார்ட் டிஸ்கின் மேல் போய் எழுதிக் கொண்டது. டிஸ்க் என்ன செய்யும், பாவம்! கொடுத்ததை வாங்கி வைத்துக் கொண்டது.

பாழானது மினிக்ஸ் குடியிருந்த பகுதி. மினிக்ஸ் என்பது ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மாணவர்கள் படிப்பதற்காக எழுதிய சிஸ்டம். டோர்வால்ட்ஸ் அந்த மினிக்ஸுக்குள் உட்கார்ந்து கொண்டுதான் தம்முடைய சொந்த சிஸ்டத்தை எழுதி வந்தார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடு கட்டுவது போலத்தான். இப்போது வாடகை வீடு இடிந்து விட்டது. மினிக்ஸைத் திரும்ப முதலிலிருந்து பதிக்கலாம். அல்லது, கட்டி முடிக்காத சொந்த வீட்டிலேயே குடியேறி விடலாம். டோர்வால்ட்ஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சொந்த வீட்டுக்குத்தான் லினக்ஸ் என்று பெயர்.

அதே வருஷம் ஜனவரி மாதம் தவணை முறையில் வாங்கிய யந்திரம் அது. அதில் இருந்த டிஸ்கின் கொள்ளளவு 40 மெகாபைட். இன்று ஒரு கல்யாண போட்டோக்காரர் எடுக்கும் படங்களில் நாலைந்து அதில் அடங்கினால் அதிகம். ஆகஸ்டு மாதம் தம் முயற்சியைப் பற்றி முதன் முதலில் பிறருக்கு எழுதியபோது, தம்மிடம் உள்ள வகை டிஸ்கைத் தவிர வேறு எந்த டிஸ்கிலும் இது ஒருவேளை ஒருகாலும் ஓடாது என்று டோர்வால்ட்ஸ் சற்று வருத்தத்துடனேயே சொல்லியிருக்கிறார். 2017 நவம்பர் மாதக் கணக்கெடுப்பில் உலகத்தின் மிகப் பெரிய ஐந்நூறு கம்ப்யூட்டர்களிலும் ஓடியது லினக்ஸ். தீர்க்கதரிசிகள் தங்கள் விஷயத்தில் மட்டும் தவறிப் போவது புதிதல்ல.

ஒரு டிஸ்கை இழந்த இடத்தில் பிறந்த சிஸ்டம் இது. ஆனபடியால், ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு அதை எப்படி உயிரோடு எடுத்துக்கொண்டு போவது என்ற கேள்வி ஆரம்பம் முதலே அதைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அந்தக் கேள்வியின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்றவன் அல்ல நான், கதை எழுதுகிறவன். ஆனால் பல வருஷங்களாக என் நாவல்கள் எல்லாம் லினக்ஸில்தான் பிறந்திருக்கின்றன. குடியிருப்பவனுக்கு வீட்டைப் பற்றிப் பேச மேஸ்திரி அளவு இல்லாவிட்டாலும் கொஞ்சம் உரிமை உண்டல்லவா?

லினக்ஸைப் புதிதாகப் பதிப்பது இந்நாளில் அரை மணி நேர வேலை. புதிதாகப் பதித்தால் கிடைப்பது வெள்ளையடித்த காலி வீடு. பத்து வருஷம் வாழ்ந்த வீடு அப்படியல்ல. அம்மி எங்கே, ஆணி எங்கே என்று இருட்டிலும் கை தானாகப் போகும். என் யந்திரத்தில் தமிழ் விசைப்பலகைக்கு நான் செய்து வைத்த மாறுதல்கள், யூனிகோட் பரவுவதற்கு முன்னால் எழுதிய பிரதிகளைப் படிக்க வேண்டிய பழைய எழுத்துருக்கள், நான் கூட்டிச் சேர்த்த சொற்பட்டியல், தினம் இரவு பதினொன்றரைக்குப் பிரதி எடுத்து வைக்கும் ஏற்பாடு, இவையெல்லாம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையா. பழைய எழுத்துரு ஒன்று தொலைந்தால் 1990-களில் எழுதிய ஒரு கதை முழுவதும் லத்தீன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். கதை அங்கேயே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

டிஸ்க் என்ற பொருளே 1956-இல்தான் விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே என்ற ஊரில், ரெனால்டு ஜான்ஸன் என்பவருடைய குழுவினர் ஐ.பி.எம். கம்பெனிக்காகச் செய்த ராமாக் யந்திரம் அது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன் எடை. அதில் கொள்ளக் கூடியது 50 லட்சம் எழுத்து. தடிமனான நாவல் ஒன்று ஏழெட்டு லட்சம் எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஆறு நாவல் எழுதி ஏழாவதைத் தொடங்கியதும் அலமாரி நிறைந்து விடும். அந்நாளில் டிஸ்கை இடம் மாற்றுவதென்றால் நிஜமாகவே ஆள் வைத்துப் பீரோ நகர்த்துகிற காரியம்தான்.

லினக்ஸுக்குத் தாத்தா முறை ஆகவேண்டிய யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து மர்ரே ஹில்லில், பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தது. கென் தாம்ப்ஸன் ஒரு மூலையில் கிடந்த பி.டி.பி.-7 என்னும் பழைய யந்திரத்தில் அதை எழுதினார். பிறகு புதிய யந்திரம் வேண்டுமென்று நிர்வாகத்தை நச்சரித்து, பேடண்ட் இலாகாவினர் விண்ணப்பங்களை டைப் அடித்துத் திருத்துவதற்கு வசதி செய்து தருவதாகச் சொல்லி, பி.டி.பி.-11 என்ற யந்திரத்தைச் சம்பாதித்தார்கள். 1970-ஆம் வருஷக் கோடை முடியும் சமயம் யந்திரம் வந்து சேர்ந்தது. டிஸ்க் வரவில்லை! டிசம்பர் வரை வரவில்லை. அந்த இடைக்காலத்தில் யந்திரம் சும்மா இருக்க வேண்டாம் என்று, எட்டுக்கு ஆறு கட்டமுள்ள சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே எத்தனை விதமாக வந்து சேரலாம் என்று கணக்குப் போட விட்டார்களாம். மூன்று மாதம் அந்தக் குதிரை ஓடியிருக்கிறது. டென்னிஸ் ரிச்சி தாம் எழுதிய யூனிக்ஸ் சரித்திரத்தில் இதைச் சொல்கிறார். வீட்டு வாசலில் சாமானோடு நின்றுகொண்டு சாவிக்குக் காத்திருப்பவர்கள் தாயம் ஆடுவது போன்ற இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வந்த டிஸ்க் அரை மெகாபைட். 1971-இன் பிற்பாதியில் பேடண்ட் இலாகாவின் மூன்று டைப்பிஸ்டுகள் நாள் முழுவதும் அந்த யந்திரத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதே யந்திரத்தில் தாம்ப்ஸனும் ரிச்சியும் தங்கள் புதிய புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் காப்பாற்றும் தடுப்பு எதுவும் அந்த யந்திரத்தில் கிடையாது. ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் சிஸ்டம் விழுந்து விடும். டைப் அடித்ததும் போய்விடும். ஒவ்வொரு சோதனைக்கும் மனோதிடம் வேண்டியிருந்தது என்று ரிச்சி எழுதுகிறார். டிஸ்கோ சின்னது. சில மணிக்கு ஒரு தரம் டைப் ஆனதையெல்லாம் நாடாவில் எடுத்து வைத்து இடம் காலி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். யூனிக்ஸின் வாழ்க்கை, டிஸ்கில் இடம் போதாத வாழ்க்கையாகவே தொடங்கிற்று. சாமான் கட்டும் கலையில் அதன் வம்சத்தினர் கெட்டிக்காரர்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கலையின் இரண்டு பழைய கருவிகள் இன்றும் ஒவ்வொரு லினக்ஸிலும் இருக்கின்றன. 1970-களின் நடுவில் வந்தது டி.டி. என்பது. அதன் உத்தரவு எழுதும் முறை மற்ற யூனிக்ஸ் உத்தரவுகளைப் போல் இராது, ஐ.பி.எம். கம்பெனியின் பெரிய யந்திரங்களில் வழங்கிய பாஷையிலிருந்து அது வந்தது. டி.டி.க்குப் பைல் என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்கின் முதல் கட்டத்தில் தொடங்கி, இருப்பது, இல்லாதது, அழித்தது, அழியாதது எல்லாவற்றையும் வரிசையாகப் பிரதி எடுத்துக் கொண்டே போகும். மற்றொன்று டார், 1979-இல் வெளிவந்த ஏழாவது யூனிக்ஸ் பதிப்பில் சேர்ந்தது. பெயரே நாடாக் கட்டு என்ற பொருளில் வந்தது. இது பைல்களைப் பெயர் கூப்பிட்டு, யாருடையது, யார் தொடலாம், எப்போது எழுதியது என்ற விவரங்களுடன் மூட்டை கட்டும். நவீன கருவிகள் எவ்வளவு வந்தாலும் டிஸ்க் மாற்றுவோர் இன்றைக்கும் இந்த இரண்டு கட்சிகளாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள்: வீட்டை அஸ்திவாரத்தோடு பெயர்த்து வைக்கிற கட்சி, சாமானை மட்டும் ஏற்றிக் கொண்டு போகிற கட்சி.

டி.டி.யைப் பிரயோகிக்கிறவர்கள் அதற்கு 'டிஸ்க் டிஸ்ட்ராயர்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. எந்த டிஸ்கிலிருந்து, எந்த டிஸ்குக்கு என்று இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். பெயரை முன் பின்னாக மாற்றிக் கொடுத்தால் புது டிஸ்கின் வெறுமையைப் பழைய டிஸ்கின் மேல் மிகுந்த சிரத்தையுடன் எழுதி முடித்து, இத்தனை பைட்டு எழுதியாயிற்று என்று கணக்கும் சொல்லும். டோர்வால்ட்ஸின் டெலிபோன் சமாசாரத்துக்கும் இதற்கும் உள்ள உறவை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

1990-களில் லினக்ஸை டிஸ்க் மாற்றியவர்களுக்கு ஏற்பட்ட பெரிய இடைஞ்சல் வேறொன்று. சாமான்களை நகர்த்துவது கஷ்டமில்லை; நகர்த்திய பிறகு சிஸ்டத்தை எழுப்புவதுதான் கஷ்டம். யந்திரத்துக்கு உயிர் கொடுத்ததும், லினக்ஸின் மூலப் புரோகிராமான கெர்னலை டிஸ்கிலிருந்து தேடி எடுத்து வருவதற்கு ஒரு சின்னப் புரோகிராம் தேவை. அந்நாளில் அந்த வேலையைச் செய்தது லிலோ. வெர்னர் அல்மெஸ்பெர்கர் என்பவர் எழுதியது. லிலோவுக்குப் பைல்களின் பெயர் தெரியாது, டைரக்டரி தெரியாது. கெர்னல் டிஸ்கின் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டங்களை மட்டும் படிக்கும். தபால்காரர் ஆளை அறியாமல் கதவு நம்பரை மட்டும் பார்த்துக் கடிதம் போட்டு விட்டுப் போகிற மாதிரி. கெர்னலைப் புது டிஸ்குக்குக் கொண்டு போய் வைத்தால் கட்டங்களின் நம்பர் மாறிவிடும். லிலோவைத் திரும்ப ஒரு முறை ஓட்டிப் புதுப் பட்டியல் போட வேண்டும். போடாவிட்டால்?

லிலோ விழித்தெழும்போது தன் பெயரைத் திரையில் எழுத்து எழுத்தாக எழுதும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டம் தாண்டியதற்கு அடையாளம். இங்கிலீஷில் அதன் பெயருக்கு நான்கு எழுத்து. நான்கும் வந்து விட்டால் பிழைத்தோம். பாதிப் பெயரோடு, முதல் இரண்டு எழுத்தோடு, நின்று விட்டால் அதன் துணைப் புரோகிராமை யாரோ இடம் மாற்றிவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கவில்லை, அல்லது டிஸ்கின் அளவுக் கணக்கு ஒத்துப் போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் பிளாப்பி ஒன்றைப் போட்டு யந்திரத்தை எழுப்பி, விட்ட வேலையைச் செய்ய வேண்டும். எங்கே இடறி விழுந்தோம் என்பதைப் பெயரின் பாதி எழுத்தாகச் சொல்லி உயிர் விடும் அந்தப் புரோகிராமை நினைத்தால் துப்பறியும் நாவலில் குற்றவாளியின் பெயரைப் பாதி சொல்லி இறந்து போகும் பாத்திரம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அளவுக் கணக்கு என்றேன். அது வேறு ஒரு கூத்து. அந்நாளைய பர்சனல் கம்ப்யூட்டர்களில் உறங்கிய பயாஸ் என்ற ஆதிப் புரோகிராமுக்கு, டிஸ்கில் 1024 வட்டப் பாதைகளுக்கு மேல் எண்ணத் தெரியாது. முதலில் 504 மெகாபைட்டிலும், ஓர் உபாயம் செய்து அதைத் தாண்டிய பிறகு ஏறக்குறைய 8 ஜிகாபைட்டிலும் அதன் எண்ணிக்கை நின்று விடும். ஆகவே பெரிய டிஸ்க் வாங்கி ஆசையோடு லினக்ஸைக் குடிவைத்தவர்கள், கெர்னல் இருக்கும் சின்ன அறையை மட்டும் டிஸ்கின் தொடக்கத்திலேயே கட்ட வேண்டியிருந்தது. லினக்ஸ் டாக்குமெண்டேஷன் புராஜெக்ட் என்ற தொண்டர் கூட்டத்தினர், ஹார்ட் டிஸ்க் மாற்றுவதற்கென்றே ஒரு சிறு கையேடு வெளியிட்டார்கள் என்றால், எத்தனை பேர் இந்தப் பாட்டைப் பட்டிருப்பார்கள் என்று ஊகித்துக் கொள்ளலாம். இதற்கிடையில் 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் என்ற புரோகிராம், கட்ட நம்பரைப் பிடித்துத் தொங்காமல் டைரக்டரிக்குள் புகுந்து கெர்னலைப் பெயர் சொல்லித் தேடக் கற்றுக் கொண்டது. லிலோ மெல்ல மெல்ல ஓய்ந்து, 2015-இன் முடிவில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யூனிக்ஸில் ஒரு பைலின் பெயர் புள்ளியோடு தொடங்கினால் பட்டியலில் அது தெரியாது. மறைவாக இருக்கும். இது யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல என்று, பெல் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த ராப் பைக் 2012-இல் எழுதினார். ஒவ்வொரு டைரக்டரியிலும் 'இந்த இடம்' என்பதைக் குறிக்க ஒற்றைப் புள்ளியும், 'மேலே உள்ள இடம்' என்பதற்கு இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியல் போடும்போது இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டுமென்று எண்ணியவர்கள், சிக்கனமாக, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் சகலமும் மறைந்து போயிற்று. பிற்பாடு எல்லாப் புரோகிராம்களும் தங்கள் உடைமைகளை அந்த இருட்டறையில் வைத்துக் கொள்ளப் பழகி விட்டன.

2013-இல் என் யந்திரத்தின் டிஸ்க் முனகத் தொடங்கியது. நான் வெளியூர் போகவேண்டியிருந்தபடியால் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்து, புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் மாற்றித் தரும்படி சொன்னேன். பழைய டிஸ்கைத் தொடாமல் அப்படியே திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நான் திரும்பி வந்து யந்திரத்தை வாங்கிக் கொண்டபோது கடைக்காரப் பையன் மிகவும் உற்சாகமாக இருந்தான்.

"புதுசா இன்ஸ்டால் பண்ணி உங்க ஹோம்ல இருந்ததை எல்லாம் அப்படியே போட்டுட்டேன் சார். ஒரு பைல் விடலை."

"பழைய டிஸ்க்?"

"அதை பார்மட் பண்ணிட்டோம் சார். அதுல இனிமே என்ன இருக்கு?"

நாவல்கள் எல்லாம் இருந்தன. கட்டுரைகள் இருந்தன. இல்லாதது கடிதங்கள். பையன் கண்ணுக்குத் தெரிந்த பைல்களையெல்லாம் நேர்மையாக எடுத்து வைத்திருந்தான். புள்ளி வைத்த டைரக்டரிகள் அவன் கண்ணில் படவே இல்லை. என் தபால் புரோகிராம் தன் கடிதங்களை அத்தகைய டைரக்டரியில்தான் வைத்திருந்தது. பதினோரு வருஷக் கடிதங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு பத்திரிகையாசிரியருக்கும் எனக்கும் நடந்தவை. என் தொடர்கதைகளின் அத்தியாயங்களைப் படித்துவிட்டு இந்தப் பாத்திரம் இப்படிப் பேசுமா, இந்த ஊரில் கார்த்திகை மாதம் இந்தப் பூ பூக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். முந்திய வருஷம்தான் அவர் காலமாகியிருந்தார். பையனைக் கோபித்துக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்காமல் டிஸ்கைத் துடைத்த அவனுடைய முதலாளியிடம் பேசினேன். அவர் டிஸ்கின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தார்.

கடிதங்கள் போன பிறகுதான் இந்தச் சரித்திரத்தையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது என் டிஸ்கை நானே மாற்றுகிறேன்.

கதைக்குத் திரும்புவோம். கிரப் வந்த பிறகும் ஒரு தொல்லை மீதியிருந்தது. எந்த டிஸ்கில் எந்த டைரக்டரி என்று லினக்ஸ் ஒரு பைலில் எழுதி வைத்துக் கொள்ளும், எப்.எஸ்.டாப் என்று அதற்குப் பெயர். அதில் டிஸ்குகளை, எந்தக் கம்பியில் எத்தனையாவதாக மாட்டியிருக்கிறது என்பதை வைத்து எச்.டி.ஏ., எச்.டி.பி. என்று குறிப்பது வழக்கம். கம்பியை மாற்றிச் செருகினால் பெயர் மாறும். போதாக் குறைக்கு, 2006, 2007 வாக்கில் கெர்னலில் டிஸ்குகளை ஓட்டும் பகுதியையே மாற்றி எழுதினார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் எச்.டி.ஏ.க்களெல்லாம் எஸ்.டி.ஏ.க்களாகியிருந்தன. தெருவுக்குப் பெயர் மாற்றிய முனிசிபாலிட்டிகளை நாம் அறிவோம். யாரும் வீடு மாறாமலே எல்லாருடைய விலாசமும் தப்பாகிவிடும்.

இதற்குக் கிடைத்த பரிகாரம், இருக்கும் இடத்தை வைத்துக் கூப்பிடாமல் பிறப்பை வைத்துக் கூப்பிடுவது. 1980-களில் அப்பல்லோ என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி தன் யந்திரங்களுக்காக உண்டாக்கிய யோசனை இது. ஒவ்வொரு வஸ்துவுக்கும் பிறக்கும் போதே 128 பிட் நீளமுள்ள ஒரு எண்ணைக் கொடுத்து விடுவது. உலகத்தில் வேறு எதற்கும் அந்த எண் வர வாய்ப்பில்லாத அளவுக்கு அது பெரியது. எழுதினால் 32 எழுத்தும் நடுவில் நாலு கோடும் வரும். யு.யு.ஐ.டி. என்று அதற்குப் பெயர். லினக்ஸின் டிஸ்க் பகுதிகளுக்கு அது ஜாதகக் குறிப்பு மாதிரி. எப்.எஸ்.டாபில் அந்த எண்ணை எழுதி வைத்து விட்டால் டிஸ்கை எந்தக் கம்பியில் மாட்டினாலும் கவலையில்லை.

ஆனால் ஜாதகம் வந்ததும் ஜாதகக் கோளாறும் வந்தது. டி.டி. பிரதி எடுக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்து எடுத்து விடும். இப்போது இரண்டு டிஸ்குக்கு ஒரே ஜாதகம்! இரண்டையும் ஒரே யந்திரத்தில் வைத்தால் எது அசல் என்று சிஸ்டம் தடுமாறும். எக்ஸ்.எப்.எஸ். என்ற முறையில் அமைத்த டிஸ்க் பகுதியானால் ஒன்று திறந்திருக்கும்போது இரட்டையைத் திறக்க மறுத்து விடும், பி.டி.ஆர்.எப்.எஸ். என்ற முறையில் இரண்டுமே கெட்டுப் போகும் அபாயம் உண்டு. பைல்களை மட்டும் எடுத்துப் போகிற கட்சிக்கு இதற்கு நேர்மாறான வம்பு. புது டிஸ்குக்குப் புது எண் பிறந்திருக்கும். கூடவே வந்த எப்.எஸ்.டாபிலோ பழைய எண் எழுதியிருக்கும். அதைத் திருத்த மறந்து, பழைய டிஸ்கையும் யந்திரத்திலேயே விட்டு வைத்தால், கெர்னல் புது டிஸ்கிலிருந்து எழும். எழுதுகிற நாவலோ பழைய டிஸ்கில் போய் விழும். புது வீட்டில் படுத்துக்கொண்டு பழைய வீட்டில் சமைத்துக் கொண்டிருப்போம். எல்லாம் சரியாக நடக்கிறதே என்று ஒரு மாதம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றி விற்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

அப்படியும் நான் பைல் கட்சிதான். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்ஸிங்க் என்ற புரோகிராம் எனக்குப் போதும். மறைவான பைல்களும் சேர்ந்து வரும். சொந்தக்காரர் விவரம் மாறாது. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்த பிறகு இன்னொரு முறை ஓட்டினால் ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்றும் சொல்லிவிடும். 'ப்ராக்', 'ஸிஸ்' என்ற இரண்டு டைரக்டரிகளை மட்டும் எடுத்துப் போகக் கூடாது. அவை டிஸ்கில் உள்ளவையே அல்ல. கெர்னல் தன் மனத்தில் உள்ளதைப் பைல் மாதிரி காட்டும் மாயத் தோற்றங்கள். நிலைக்கண்ணாடியில் தெரியும் பீரோவை வண்டியில் ஏற்ற முயலும் கூலியாள் உண்டா?

டி.டி. கட்சிக்கு இன்னொரு ஆட்சேபம் சொல்வேன். பழைய டிஸ்குகளில் முதல் பகுதி 63-வது கட்டத்தில் தொடங்குவது சம்பிரதாயம். பழைய வட்டப் பாதைக் கணக்கின் எச்சம் அது. 2010-ஐ ஒட்டி வந்த டிஸ்குகள் உள்ளுக்குள் எட்டெட்டுக் கட்டமாகச் சேர்த்து எழுதுகின்றன. 63 எட்டால் வகுபடாது. ஆகவே ஒவ்வொன்றும் இரண்டு கட்டுக்களின் மேல் கால் வைத்து நிற்கும். எழுதும் வேலை இரட்டிக்கும். அஸ்திவாரத்தோடு பெயர்த்து வைத்தால் அஸ்திவாரக் கோணலும் கூடவே வந்துவிடும். இப்போது 2048-வது கட்டத்தில் தொடங்குகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க் என்றால் மாத்திரம் நான் கட்சி மாறத் தயார். அதற்கு அன்டோனியோ டியாஸ் 2004-இல் எழுதிய டி.டி.ரெஸ்க்யூ இருக்கிறது. படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல இடங்களை முதலில் காப்பாற்றி விட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும்.

எழுப்பும் வேலையும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புது யந்திரங்களில் எந்த டிஸ்கிலிருந்து எழுவது என்ற குறிப்பு தாய்ப்பலகையில் உள்ள நினைவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்கை மாற்றினால் அந்தக் குறிப்பும் செல்லாததாகி விடும், புதிதாக எழுத வேண்டும். சில லினக்ஸ்களில் கெர்னலுக்கு முதலுதவியாகப் போகும் சின்ன மூட்டையில் பழைய டிஸ்கை ஓட்டத் தேவையானதை மட்டுமே வைத்திருப்பார்கள். புது வகை டிஸ்கைக் கண்டால் அது திகைத்து நிற்கும். புறப்படுமுன் அந்த மூட்டையையும் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும். ஒரு பகல் பொழுதில் இவ்வளவும் முடிந்து விடுகிறது. முடிந்த பிறகு பழைய டிஸ்கில் தேதியை எழுதி ஒட்டி, உறையில் போட்டு, மேஜையறையில் ஒரு வருஷம் வைத்திருப்பது என் வழக்கம். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

மர்ரே ஹில்லில் தொடங்கிய ஒரு குடிபெயர்ச்சி மட்டும் வெகு காலம் முடியாமலே இருந்தது. 1970-களின் ஆரம்பத்தில் யூனிக்ஸின் புரோகிராம்களெல்லாம் 'பின்' என்ற டைரக்டரியில், முதல் டிஸ்கில் இருந்தன. உபயோகிப்பவர்களின் சொந்தப் பைல்கள் இரண்டாவது டிஸ்கில், யூ.எஸ்.ஆர். என்ற டைரக்டரியில் இருந்தன. சிஸ்டம் வளர வளர முதல் டிஸ்கில் இடம் போதவில்லை. மிஞ்சிய புரோகிராம்களை இரண்டாவது டிஸ்கில், விருந்தாளி மாதிரி, ஒரு மூலையில் தங்க வைத்தார்கள். அதற்கும் 'பின்' என்றே பெயர் வைத்தார்கள். நாளாவட்டத்தில் வீட்டுக்காரர்களான உபயோகிப்பவர்கள் வேறு டைரக்டரிக்குப் போய்விட்டார்கள். விருந்தாளிகள் மட்டும் தங்கி விட்டார்கள். டிஸ்குகள் லட்சம் மடங்கு பெரிதான பிறகும், இரண்டு 'பின்'களும் தனித்தனியாகவே யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தன. எது எதில் இருக்க வேண்டும் என்று பண்டிதர்கள் விதி வகுத்தார்கள், காரணம் கற்பித்தார்கள், வாதாடினார்கள். 2012-இல் பெடோரா என்ற லினக்ஸ் இரண்டையும் ஒன்றாக்கியது. நிதானத்துக்குப் பேர்போன டெபியன் 2023 ஜூனில் வெளியிட்ட பன்னிரண்டாவது பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது. ஒன்றாக்கிய விதம்தான் வேடிக்கை. விருந்தாளிகளைப் பழைய வீட்டுக்கு அழைத்து வரவில்லை; பழைய வீட்டிலிருந்தவர்களையெல்லாம் விருந்தாளி வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். பழைய 'பின்' இருந்த இடத்தில், அங்கே போ என்று கைகாட்டும் ஒரு பலகை மட்டும் நிற்கிறது. போன மாதம் நான் டிஸ்க் மாற்றியபோது ஆர்ஸிங்க் அந்தப் பலகையையும் மறக்காமல் எடுத்து வந்து புது டிஸ்கில் நட்டிருக்கிறது.